தட்டு ஆறும்வரை

2015 ஏப்ரல் மாதம், தீத்தொண்டு வாரம். கோவையை ஒட்டிய ஒரு கல்லூரித் திடலில் மாணவர்களுக்குத் தீயணைப்பான் இயக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றடிக்கு மூன்றடி இரும்புத் தட்டு. அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர். அதன்மேல் டீசலும் கொஞ்சம் பெட்ரோலும். முதல் குழு நன்றாகவே அணைத்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த குழு வரிசையில் வந்து நின்றுவிட்டது. தட்டில் தீ இல்லை, புகையும் இல்லை. கேனைத் திறந்து மறுபடியும் ஊற்றினேன்.

சூடான தட்டில் பட்டதும் பெட்ரோல் ஆவியாக எழுந்தது. தட்டின் ஓரத்தில் கனன்றுகொண்டிருந்த ஒரு துணிக்கந்தல் என் கண்ணில் படவில்லை. ஊற்றிய தாரை வழியாகவே தீ கேனின் வாய்வரை ஏறியது. கேனை வீசி எறிந்தேன். அது விழுந்த பக்கம் மாணவர்கள் யாரும் இல்லை. அதற்கு நான் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. என் வலது கை முழங்கைவரை வெந்தது. முன்வரிசையில் நின்ற பையன் ஒருவனின் புருவம் கருகியது. அவன் பயந்து ஓடவில்லை. "சார், இதுவும் பயிற்சியில் ஒரு பகுதியா?" என்று கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அப்போது ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு அலுவலராக 11 ஆண்டுகள் முடித்திருந்தேன். அந்தப் பதினோரு ஆண்டுகளில் சில ஆயிரம் பேருக்காவது வகுப்பு எடுத்திருப்பேன். பார்க்க வந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்கள் வகுப்பு எடுப்பதை யாராவது உட்கார்ந்து பார்த்து, இது தவறு, இது சரி என்று சொல்லியிருக்கிறார்களா?" ஒருவரும் சொன்னதில்லை. "மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எங்களோடு வந்து உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அப்படித்தான் எங்கள் வட்டாரப் பயிற்றுநர் சங்கத்துக்குள் வந்தேன். இப்போது 26 பேர் இருக்கிறோம். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், ஆலைப் பாதுகாப்பு அலுவலர்கள், மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், எரிவாயு ஏஜென்சியில் மெக்கானிக்காக இருப்பவர், பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர். மூடிக் கிடக்கும் ஓர் ஆலையின் தகரக் கொட்டகைதான் கூடும் இடம். மாதம் 100 ரூபாய் சந்தா. அதில் பெரும்பகுதி தீயணைப்பான்களுக்குப் பொடி நிரப்பவே சரியாகிவிடும்.

கூட்டம் நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கு உதவும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் 20 நிமிடம் வகுப்பு எடுக்க வேண்டும். மற்றவர்கள் அந்த வகுப்புக்கு உரிய மாணவர்களாகவே உட்கார வேண்டும். விடுதிச் சமையல்காரர்களுக்கான வகுப்பு என்றால், 30 ஆண்டு தீயணைத்தவரும் அன்றைக்குச் சமையல்காரர்தான். சமையல்காரருக்குத் தெரிந்ததைத் தாண்டி எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, தான் கற்றதைக் கையால் செய்துகாட்ட வேண்டும். செய்ய வரவில்லை என்றால் குற்றம் பயிற்றுநருடையது. அதன்பிறகுதான் விமர்சனம். தேநீர் கடைசியில்.

நான் எடுத்த முதல் வகுப்பில் வெப்பம், எரிபொருள், ஆக்சிஜன் என்ற தீ முக்கோணத்தை வரைந்தேன். ஏ, பி, சி, டி என்று தீயின் வகைகளை விளக்கினேன். பன்னிரண்டாவது நிமிடத்தில், சமையல்காரராக உட்கார்ந்திருந்த அந்த நிலைய அலுவலர் கையைத் தூக்கினார். "ஐயா, சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. நான் முதலில் எதைத் தொட வேண்டும்?" என்று கேட்டார். ஒரே வரியில் சொல்ல வேண்டிய பதில் என் வகுப்பில் எங்குமே இல்லை.

அந்தப் பதிலை அவரே செய்துகாட்டினார். முதலில் அடுப்பின் திருகை மூடு. பிறகு சட்டியைவிடப் பெரிய தட்டையான மூடியை எடுத்து, முகத்துக்கும் தீக்கும் நடுவே கேடயம்போல் நிமிர்த்திப் பிடித்துக்கொள். உன் பக்கத்து விளிம்பில் வைத்து, உன்னைவிட்டு விலகும் திசையில் சரித்து மூடு. மூடிய பிறகு திறக்காதே. இந்தக் கடைசிச் சொல்லை எத்தனை முறை சொன்னாலும் போதாது என்று, மூன்று நிமிடம் கழித்து நீண்ட கம்பியால் மூடியைத் தூக்கிக் காட்டினார். எண்ணெய் காற்றைக் கண்டதும் மறுபடியும் தானாகவே பற்றியது. அடுத்து, ஆறடிக் கழியின் நுனியில் கட்டிய குவளையில் இருந்து கால் டம்ளர் தண்ணீரைச் சட்டியில் கவிழ்த்தார். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. விரியும்போது எண்ணெயையும் தூக்கிக்கொண்டு எழுகிறது. கொட்டகை வாசலைத் தாண்டி உயர்ந்த அந்தத் தீயைப் பார்த்த எவரும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

தீயணைப்பானைப் பற்றிச் சங்கத்தில் கற்றதை மட்டும் எழுதினாலே தனிக்கட்டுரை ஆகிவிடும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 6 கிலோ பொடி அணைப்பான் என்று பெயர்தான் 6 கிலோ. உருளையோடு சேர்த்துத் தராசில் வைத்தால் ஒன்பது கிலோவைத் தாண்டும். அதைச் சுவரில் தலைக்கு மேலே மாட்டிவைத்துவிட்டு, 42 கிலோ எடையுள்ள தையல்காரப் பெண்ணை ஓடிவந்து எடுக்கச் சொல்கிறோம். பூட்டு ஊசி வரவில்லை என்று பலர் பதறுவார்கள். பதற்றத்தில் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இழுப்பதுதான் காரணம். அழுத்தினால் ஊசி இறுகிக்கொள்ளும். அணைப்பானைத் தரையில் நிறுத்தி, ஒரு கையால் கழுத்தை மட்டும் பிடித்து, மறுகையால் ஊசியைத் திருகி இழுத்தால் குழந்தைகூட எடுத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானில் கொம்புபோல் இருக்கும் பகுதியைக் கையால் பிடிக்கக் கூடாது. உறைபனி போல் குளிர்ந்து தோலைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அழுத்தமானி முள் கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, நேரம். பொடி அணைப்பான் 15 முதல் 20 நொடிக்குள் தீர்ந்துபோகும். இதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. எங்கள் செவிலியர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவர் அணைப்பானை அழுத்தத் தொடங்கியதும் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ண வேண்டும். எண்ணிக்கை பதினாறில் நிற்கும்போது, காலியான உருளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் தூரத்தில் நின்று காற்றில் பொடியை வீணாக்குவதில்லை. ஒரே அணைப்பானில் அணையாத தீயை விட்டுவிட்டு வெளியே போய், கதவைச் சாத்தி, 101-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் யாரிடமும் வாதாட வேண்டியிருப்பதில்லை.

சங்கத்தில் மிகக் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டது எரிவாயு சிலிண்டர் விஷயத்தில்தான். பார்த்திருப்பீர்கள்: ரெகுலேட்டரைக் கழற்றிய சிலிண்டரைத் திறந்து பற்றவைப்பார்கள், தீ ஆளுயரத்துக்கு எழும், பயிற்றுநர் நிதானமாக நடந்து வந்து வால்வின் வாயை விரலால் அடைத்து அணைப்பார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். நானும் பலமுறை செய்திருக்கிறேன். "மக்களின் பயம் போகிறது, அது ஒன்று போதாதா?" என்று ஒரு தரப்பு கேட்டது.

ஏஜென்சி மெக்கானிக் பொறுமையாக எழுந்து பேசினார். திடலில் நாலா பக்கமும் காற்று இருக்கிறது. வால்வு பழுதில்லை, பயிற்றுநருக்கு அது தெரியும். வீட்டில் அப்படியா? ஆறடிக்கு எட்டடி சமையலறை, மேலே பிளாஸ்டிக் டப்பாக்கள், கதவுக்குப் பின்னால் தொங்கும் நைலான் துணி. அங்கே ஒரு பெண் விரலை நீட்டி, பாதி அடைத்து, சூடு தாங்காமல் கையை எடுத்தால் என்ன ஆகும்? தீ அணைந்துவிட்டிருக்கும், வாயு நிற்காமல் வந்துகொண்டிருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனம். தரையோடு பரவி, அறை முழுவதும் நிரம்பி, ஒரு ஃபிரிட்ஜின் பொறிக்காகக் காத்திருக்கும். எரியும் வாயுவைவிட எரியாமல் சேரும் வாயு கொடியது. "நீங்கள் காட்டியது துணிச்சல். அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவதும் அதைத்தான்" என்றார்.

மூன்று கூட்டங்கள் இந்த வாதத்திலேயே போயின. கடைசியில் பொதுமக்கள் முன் அந்த வித்தையை யாரும் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். அதற்குப் பதிலாக எல்லாரையும் ஒருமுறையாவது ரெகுலேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு திருகி அணைக்கச் சொல்கிறோம், ஏனென்றால் புகையில் கண் தெரியாது. வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது என்கிறோம். கதவு ஜன்னலைத் திற, ரெகுலேட்டரை மூடு, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழை. ரெகுலேட்டர் அருகே தீ சிறிதாக இருந்து, கை எட்டுமானால், நனைத்த கோணிச்சாக்கால் போர்த்தி உடனே திருகை மூட வேண்டும். மூட முடியாது என்றால் வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். ஆர்ப்பரிப்பு கிடைக்காத வகுப்புதான் இது. அதிலே எனக்கு இப்போது வருத்தமில்லை.

2018 ஜூலை 12 எங்கள் எல்லாரையும் உலுக்கிய நாள். கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் ஒத்திகை. இரண்டாம் மாடியில் இருந்து மாணவர்களைக் கீழே விரித்துப் பிடித்த வலைக்குக் குதிக்கச் செய்தார்கள். தயங்கி உட்கார்ந்திருந்த 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கீழ் மாடியின் சன்ஷேடில் மோதி அந்தப் பெண் இறந்துபோனாள். அந்தப் பயிற்சியாளருக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு அறிவித்தது. அந்தக் காணொளியை நான் ஒருமுறைதான் பார்த்தேன். அவள் தயங்கியதுதான் அங்கே நடந்தவற்றில் சரியான ஒரே செயல். ஒரு மாணவர் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்ற விதி எங்களில் யாரிடமும் எழுத்தில் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் வகுப்பு இல்லை. ஆலைப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் அமெரிக்காவில் நடந்த இரண்டு விபத்துகளைப் பற்றிப் படித்துவந்து சொன்னார். 1982-இல் கொலராடோ மாநிலம் போல்டரில், பயிற்சிக்காகக் கட்டடத்துக்குத் தீ வைத்தபோது தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். அதன் விளைவாக 1986-இல் நேரடித் தீப் பயிற்சிக்கென்றே அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 1403 என்ற தரநெறி வந்தது. ஐந்து மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநராவது இருக்க வேண்டும், பாதுகாப்பைக் கவனிக்கத் தனி ஆள் வேண்டும், உயிருள்ள யாரையும் உள்ளே சிக்கியவராக நடிக்கவைக்கக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. அந்த நெறி இருந்தும் 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் லேயர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில், சிக்கியவராகப் படுக்கவைக்கப்பட்ட புதிய வீரர் ஒருவர் பயிற்சியிலேயே இறந்தார். பயிற்சியை நடத்தியவர் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது.

அன்று மாலைக்குள் எங்களுக்கென்று சில விதிகளை எழுதினோம். உயரத்தில் இருந்து இறக்கும் எந்தப் பயிற்சியிலும் ஆளுக்குப் பதில் மணல் பொம்மைதான். தீ எரியும் இடத்தில் கற்பிக்காத ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். அவர் கையை உயர்த்தினால் அமைச்சரே வந்திருந்தாலும் நிறுத்த வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று மண்ணைத் தூவிப் பார்க்காமல் பற்றவைக்கக் கூடாது. நீளத் தண்ணீர்க்குழாய் ஒன்றும் நிரம்பிய இரண்டு அணைப்பான்களும் யாரும் தொடாமல் ஓரமாக இருக்க வேண்டும். பயப்படுபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒருமுறை அணைந்த தட்டில் 20 நிமிடம் கழித்தே மறுபடி எண்ணெய்; அதையும் கேனில் இருந்து ஊற்றாமல், அளந்து எடுத்த சிறு குவளையில் இருந்து ஒருவர் மட்டுமே ஊற்ற வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. கடைசி விதியை நான்தான் எழுதினேன். எழுதும்போது முழங்கைத் தழும்பு தெரிய சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வெளியேற்ற ஒத்திகை நடத்தப் போனபோது வேறுவிதமான பாடங்கள். ஒரு கம்பெனியில் 310 பேர் மூன்று தளங்களில். மணி அடித்து ஏழு நிமிடம் நாற்பது நொடி ஆனது, எழுந்து வந்தவர்களில் கடைசி ஆள் வெளியே வர. பாதிப் பேர் செருப்பையும் டிபன் பையையும் தேடினார்கள். இரண்டாவது படிக்கட்டின் கதவில் பூட்டு. துணி களவு போகிறது என்று போட்டதாம், சாவி முதலாளி வீட்டில். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், மேல்தளத்தில் 60 பேர் நகரவே இல்லை. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த பிள்ளைகள். ஒலிபெருக்கியில் நான் தமிழில் அழகாக அறிவித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தைத்தபடியே இருந்தார்கள். பீஸ் கணக்கில் கூலி. எழுந்தால் காசு போகும்.

அடுத்த கூட்டத்தில் ஒடிசாத் தொழிலாளர்கள் இருவரைப் பேச அழைத்தோம். 'ஆக்', 'நியா' என்று இந்தியிலும் ஒடியாவிலும் தீக்குச் சொல்லும் சொற்களை எங்களுக்கு அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஒத்திகை நேரத்துக்கும் கூலி உண்டு என்று முன்கூட்டியே நிர்வாகத்தைச் சொல்லவைத்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்பதையும் அவர்களே சொன்னார்கள். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் படிக்காத பாடம் இது. ஆறு மாதம் கழித்து அதே கம்பெனியில் இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் எல்லாரும் வெளியே வந்தார்கள். வந்ததும் தலை எண்ணினோம். வருகைப் பதிவேட்டை எடுத்துவர ஒருவரை நியமிக்காவிட்டால், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தீயணைப்பு வண்டிக்காரர் கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

பருத்தி, துணித் தீயைப் பற்றி ஆலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பொடி அடித்துச் சுடர் அடங்கியதும் திரும்பிவிடாதீர்கள். பொதியின் உள்ளே கனல் மணிக்கணக்கில் இருக்கும். பிரித்துப்போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, இரவு முழுவதும் ஆள் போட்டுப் பாருங்கள்.

மருத்துவமனைகளுக்கான வகுப்பைச் செவிலியரே எடுக்கிறார். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனைத் தீயில் 90 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது அடித்தளத்தில் இருந்து மேலேறிய புகை. அதனால் அவர் முதலில் கற்பிப்பது புகைக் கதவைச் சாத்துவதையும், நோயாளியைப் படுக்கைவிரிப்போடு தரைக்கு இறக்கி, அதே தளத்தில் கதவுக்கு அப்பால் உள்ள அடுத்த வார்டுக்கு இழுத்துப்போவதையும்தான். படிக்கட்டு அதற்கு அடுத்தபடி.

ஜூலை 16-ஆம் தேதியை எங்கள் சங்கம் பள்ளிகளுக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறது. 2004-இல் அதே தேதியில் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. அந்த நாளில் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பேச்சு எதுவும் வேண்டாம் என்பது எங்கள் ஏற்பாடு. வகுப்பறையின் இரண்டாவது வழி எது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்கிறோம். பல பள்ளிகளில் அந்த வழியை மறித்து உடைந்த பெஞ்சுகள் கிடக்கும். பிள்ளைகள் கைகாட்டும்போது தலைமையாசிரியரும் உடன் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் நாங்கள் கிளம்புவதற்குள் பெஞ்சுகள் நகர்ந்துவிடும். சின்னக் குழந்தைகளுக்கு இன்னொன்றும் சொல்லித்தர வேண்டும்: தீயென்றால் கட்டிலுக்கு அடியில் ஒளியக் கூடாது. நெருப்புக்குப் பயந்த குழந்தை அம்மாவின் கோபத்துக்குப் பயந்ததுபோலவே ஒளிந்துகொள்ளும். தேடுபவர்களின் குரலுக்குப் பதிலும் சொல்லாது.

போன மாதக் கூட்டத்தில் வகுப்பு எடுத்தவர் அந்தத் திருப்பூர் கம்பெனியில் தையல் வரிசை மேற்பார்வையாளராக இருக்கும் பெண். முதல் ஒத்திகையன்று டிபன் பையைத் தேடித் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். இப்போது தளப் பொறுப்பாளர். பயிற்றுநராக எங்களோடு சேர ஓராண்டாக வந்துகொண்டிருக்கிறார். நாங்கள் 18 பேர் தையல்காரர்களாக உட்கார்ந்தோம். மண்ணைத் தூவிக் காற்றைப் பார்த்தார். காவலுக்கு என்னை நிறுத்தினார். பேச்சு நான்கு நிமிடம்கூட இல்லை. முதல் தட்டு, முதல் ஆள், எண்ணிக்கை பதினான்கில் தீ அணைந்தது.

அடுத்த ஆள் அணைப்பானோடு எழுந்துவிட்டார். அந்த ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்தான், வயது 74. "ஆரம்பிக்கலாமா அம்மா?" என்று தட்டருகே போனார். எண்ணெய்க் குவளை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வகுப்பு எடுத்த அந்தப் பெண் அதைத் தொடவில்லை. கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தட்டு ஆறட்டும் ஐயா. உட்காருங்கள். அதுவரை 101-க்குப் பேசிப் பழகுவோம். நான்தான் கட்டுப்பாட்டு அறை. உங்கள் கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது, பக்கத்தில் அடையாளம் என்ன, சொல்லுங்கள்."

அவர் அணைப்பானைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தெருப் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.